இருபத்தைந்தரை இஞ்ச்

என் கைப்பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். முப்பத்தோரு வருடம் தையல் ஆசிரியையாக வேலை பார்த்த பழக்கம் அது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அந்த டேப்பை ஒருநாள் விமானத்துக்குள் எடுத்து நீட்டுவேன் என்று நினைத்ததே இல்லை.

2023 அக்டோபரில் மகளின் பிரசவத்துக்காக நானும் இவரும் நியூஜெர்சி போனோம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குக் கார். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, அப்புறம் நியூவார்க்குக்குப் பதினாலு மணி நேரம் ஒரே மூச்சில். டிக்கெட் போட்டது மகள். சீட் தேர்ந்தெடுக்கத் தனியாகப் பணம் கேட்டார்களாம். "எதுக்கும்மா வீண் செலவு, எப்படியும் உட்கார இடம் தரத்தானே போறாங்க" என்று சொன்னது நான்தான். இவருக்கு ஜன்னல் ஓரமும் எனக்கு நடு சீட்டும் கிடைத்தன.

இவர் ஆறடி. வயது 66. இடது முட்டியில் தேய்மானம் உண்டு. நான் நாலடி பதினோரு அங்குலம். இந்த இரண்டு உயரமும் இந்தக் கதைக்கு முக்கியம்.

சென்னை விமானத்தில் எப்படியோ சமாளித்துவிட்டார். இரண்டாவது விமானத்தில் உட்கார்ந்த உடனேயே முகம் மாறிவிட்டது. முட்டி இரண்டும் முன் சீட்டின் பையில் இடித்தன. இடது காலை நீட்டலாம் என்று பார்த்தால், முன் சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. எதிரே இருக்கும் டிவித் திரைக்கான மின்கருவி அதற்குள் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. எல்லா சீட்டுக்கு அடியிலும் அது இருப்பதில்லை. இவருக்கு வாய்த்த இடத்தில் இருந்தது, அதுவும் வலிக்கிற காலுக்கு நேரே.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. டேப்பை எடுத்து, முட்டி உயரத்தில், முதுகு சாயும் இடத்திலிருந்து முன் சீட் வரை பிடித்துப் பார்த்தேன். இருபத்தாறரை இஞ்ச். பையில் பத்திரிகை, பாதுகாப்பு அட்டை, ஹெட்போன் உறை, இவர் செருகிய தண்ணீர் பாட்டில் எல்லாம் புடைத்துக்கொண்டு நின்றதில் ஒன்றரை இஞ்ச் போயிற்று. மிச்சம் இருபத்தைந்து. கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே பதினேழு. இவருக்குச் சட்டை தைத்தவள் நான். ஷோல்டர் மட்டுமே பதினெட்டரை. கையின் சதையையும் சேர்த்தால் இருபதைத் தொடும். மூன்று இஞ்ச் என் பக்கம் வந்தது. எனக்கு அது கஷ்டமில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் நடுவில் இருந்திருந்தால், பதினாலு மணி நேரமும் இவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டேதான் வந்திருப்பார்.

ஒரு ஜாக்கெட் தைத்தால்கூட உடம்பு அளவுக்கு மேல் லூஸ் விடுவோம். கையைத் தூக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். உடம்பளவுக்கே வெட்டினால் அந்தத் துணி முதல் நாளே கிழியும். இங்கே கிழிய வேண்டியது உடம்புதான்.

சாப்பாடு வந்து தட்டுகளை எடுத்துப்போனதும் முன் சீட் சாய்ந்தது. அதில் இருந்தது ஒரு தெலுங்குப் பாட்டி, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். அவரிடம் போய் நிமிர்ந்து உட்காருங்கள் என்று எப்படிச் சொல்வது? அவருடைய இடுப்பும் வலி, இவருடைய முட்டியும் வலி. இருவரையும் ஒரே கால் சாண் இடத்துக்காக மோத விட்டது யார் என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. பாட்டி மேல் துளியும் வரவில்லை.

அந்தப் பதினாலு மணி நேரத்தில் இவர் எழுந்தது இரண்டே முறை. எங்களுக்கு அடுத்து, நடைவழி ஓரமான ஐல் சீட்டில் இருந்தவர் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டார். "தூங்குறவரை எப்படி எழுப்புறது, பாவம்" என்று இவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. பணிப்பெண் தண்ணீரோடு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினார். பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் மாற்ற வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சீட்டெல்லாம் அதற்கு அடுத்துதான்.

நியூவார்க்கில் இறங்கும்போது இடது கால் ஷூவுக்குள் போகவில்லை. ஷூவின் பின்பக்கத்தை மடித்துப் போட்டுக்கொண்டு, வீல்சேரில் உட்கார்ந்து வெளியே வந்தார். வீங்கினால் வீங்கட்டும், இரண்டு நாளில் வற்றிவிடும் என்று இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் கெண்டைக்கால் தொட்டால் சூடாக இருந்தது, கல் மாதிரி இறுகியிருந்தது. வலது கால் வழக்கம்போல இருந்தது. மாப்பிள்ளை பார்த்தார். "அத்தை, ஒரு கால் மட்டும் வீங்கினா சும்மா இருக்கக் கூடாது. மாமாவைக் கிளம்பச் சொல்லுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்த முதல் வேலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். என்னுடையது மாதிரியேதான், வெள்ளை நிறம். முட்டிக்குக் கீழே எலும்பு மேடாக இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து, அங்கிருந்து பத்து சென்டிமீட்டர் இறக்கிப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியில் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தார். இன்னொரு காலிலும் அதே இடத்தில் அளந்தார். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் அவ்வளவு பெருத்திருந்தால் ரத்த நாளத்துக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

ஸ்கேன் முடியும் வரை நான் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ரத்தக்கட்டு இல்லை. முட்டித் தேய்மானத்தால் மூட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே இருந்த நீர்க்கட்டி, நெடுநேரம் மடக்கியே வைத்திருந்ததில் கசிந்து கெண்டைக்காலுக்கு இறங்கியிருக்கிறது. ஓய்வும் மாத்திரையும் போதும் என்றார்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தோம். அது மட்டும் இல்லையென்றால் அந்த ஒரு நாள் பில்லை நினைத்துப் பார்க்கவே முடியாது. வெளிநாடு போகும் பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகள் காப்பீட்டையும் அன்றே போட்டுவிடுங்கள். பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். இது பயணம் முடிந்து சில நாட்கள், சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

பேத்தி பிறந்த பிறகு ஐந்து மாதம் அங்கே இருந்தோம். குழந்தை தூங்கும் நேரத்தில் மாப்பிள்ளையும் நானும் இந்த விஷயத்தைத் தோண்டித் தோண்டிப் படித்தோம். திரும்பிப் போகும் நீண்ட பயணம் என் முன்னால் நின்றதால், எனக்கு அது வெறும் பொதுஅறிவாக இல்லை.

விமானக் கம்பெனிகள் சொல்லும் அளவுக்குப் பெயர் சீட் பிட்ச். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. 31 இஞ்ச் என்று போட்டிருந்தால் கால் நீட்ட 31 இஞ்ச் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கடையில் வாங்கிய முழுத்துணி மாதிரி அது. தையலுக்கும் மடிப்புக்கும் போக மிச்சம்தான் உடம்புக்கு. முதுகுச் சாய்வின் பருமனைக் கழித்தால்தான் நம் தொடைக்கு எவ்வளவு என்று தெரியும். இப்போது வரும் மெல்லிய சீட்டுகளில் இந்தக் கழிவு குறைவு, அதனால் 30 இஞ்ச் பிட்ச்சிலும் முட்டிக்கு ஓரளவு இடம் கிடைக்கிறது. ஆனால் குஷனும் மெலிந்துவிடுகிறது. நாலு மணி நேரம் தாங்கும். பத்து மணி நேரத்துக்கு இடுப்பு கேட்காது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் சராசரி 35 இஞ்ச்சாக இருந்தது 31 ஆகி, சில விமானங்களில் 28 வரை வந்துவிட்டது. அகலம் பதினெட்டரையிலிருந்து பதினேழு. 2017இல் பயணிகள் உரிமை அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பாட்ரிசியா மில்லெட், நம்ப முடியாதபடி சுருங்கிக்கொண்டே போகும் விமான இருக்கையின் வழக்கு இது என்று தீர்ப்பில் எழுதினார். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம், சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவை ஒரு வருடத்துக்குள் நிர்ணயிக்கச் சொல்லி விமானத் துறைக்குச் சட்டமே போட்டது. 2022இல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000க்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். எண் மட்டும் வரவில்லை. அவசரத்தில் எல்லோரும் 90 விநாடியில் வெளியேற முடிகிறதா என்பதுதான் பாதுகாப்புக் கணக்கு. உட்கார்ந்து வருபவரின் வசதி அந்தக் கணக்கில் வருவதில்லை. இதற்காக ஓக்லஹோமா சிட்டியில் 700க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை. மாப்பிள்ளை இதை வாசித்தபோது இவர் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். பிரிட்டன் மட்டும் 1989இலேயே ஒரு விதி கொண்டுவந்தது. முதுகு சாயும் இடத்திலிருந்து முன் சீட்டின் பின்பக்கம் வரை 26 இஞ்ச்சாவது இருக்க வேண்டும் என்று. அதுவும் உயிர் தப்புவதற்கான அளவுதான்.

விதி இல்லாத இடத்தில் பயணிகள்தான் மோதிக்கொள்கிறார்கள். 2014இல் நியூவார்க்கிலிருந்து டென்வர் போன விமானத்தில் ஒருவர் முன் சீட் சாயாதபடி ஒரு பிளாஸ்டிக் கட்டையை மாட்டப்போய், சண்டை முற்றி, விமானத்தையே சிகாகோவில் இறக்க வேண்டியதாயிற்று. அதைப் படித்தபோது தெலுங்குப் பாட்டியின் இடுப்பு பெல்ட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அகலத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. வரிசைக்கு எத்தனை சீட் என்று பார்த்தாலே போதும். போயிங் 777 விமானத்தில் முன்பெல்லாம் பல கம்பெனிகள் வரிசைக்கு ஒன்பது சீட் போட்டன. அதே உடலுக்குள் இப்போது பெரும்பாலும் பத்து. 787இல் எட்டும் போடலாம், ஒன்பதும் போடலாம். பெரும்பாலோர் ஒன்பது போடுகிறார்கள். டிக்கெட் வாங்கும்போதே விமானத்தின் வகை எழுதியிருக்கும். அந்தக் கம்பெனியின் சீட் வரைபடத்தை எடுத்து எண்ணிக்கொள்ளலாம். ஏரோலோபா என்ற தளத்தில் பல கம்பெனிகளின் விமானங்களை அளவு பிசகாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் எங்கே, சுவர் எங்கே என்பதுகூடத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வையும் படித்தோம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. விமானம் மட்டுமில்லை, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயப்படவும் வேண்டாம், ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000இல் ஒருவர் என்ற அளவுதான். அதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. 1.90 மீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கு மட்டுமில்லை, 1.60 மீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எனக்கு உடனே புரிந்தது. என் பாதம் விமானத் தரையில் சரியாகப் பதியவே இல்லை. சீட்டின் விளிம்பு முட்டிக்குப் பின்னால் அழுத்திக்கொண்டே வந்தது. இவர் கஷ்டத்தைப் பார்த்த கவனத்தில் என் காலை நான் மறந்துவிட்டேன்.

2024 மார்ச்சில் திரும்பினோம். இந்த முறை முதலில் எடுத்தது டேப். இவரைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார வைத்து, சுவரிலிருந்து முட்டியின் முன்முனை வரை அளந்தேன். இருபத்தைந்தரை. வீட்டில் யார் பயணம் போனாலும் இந்த ஒரு அளவை எடுத்து வையுங்கள். அதற்கு மேல் ஐந்தரை, ஆறு இஞ்ச்சாவது பிட்ச் இருந்தால்தான் முட்டி இடிக்காமல் அசைக்க முடியும் என்பது என் கணக்கு. இவருக்கு 31க்குக் கீழே வேண்டாம், 32 என்றால் நிம்மதி.

பதினாலு மணி நேர ஒரே பறப்பு வேண்டாம் என்று முடிவெடுத்து, பிராங்க்ஃபர்ட் வழியாக இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டோம். டிக்கெட் கொஞ்சம் கூடத்தான். நடுவில் விமான நிலையத்தில் நடக்க நேரம் கிடைக்கும்படி நாலு மணி நேர இடைவெளியாகப் பார்த்து எடுத்தோம்.

அவசர வழி வரிசையில் கால் நீட்ட நிறைய இடம் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். வீல்சேர் உதவி கேட்டவர்களுக்கு அதைத் தர மாட்டார்கள். ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கும் உடல்வலு வேண்டும், பணியாளர்கள் சொல்வது புரிய வேண்டும். அது நியாயமான விதிதான். அதற்கு நேர் முன்னால் இருக்கும் வரிசை பெரும்பாலும் சாயாது, அதையும் தவிர்த்தோம். தடுப்புச் சுவருக்குப் பின்னால் வரும் முதல் வரிசையைப் பற்றி யோசித்தோம். முன்னால் யாரும் சாய மாட்டார்கள், உண்மைதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி தூக்க வராது, உட்காரும் இடமும் சற்றுக் குறுகல். காலை முன் சீட்டுக்கு அடியில் விடவும் முடியாது. நெட்டையானவர்களுக்குச் சுவர் சில சமயம் சீட்டைவிட மோசம். கடைசியில் ஒருவருக்கு ஏழாயிரம் ரூபாய் போலக் கொடுத்து, இரண்டு விமானத்திலும் இவருக்கு ஐல் சீட், இடது பக்கம் வழி வருகிற மாதிரி. வலிக்கிற கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வழி இருக்க வேண்டும். தள்ளுவண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முட்டியில் அடி விழும்.

கால் வீங்காமல் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறைக்கும் அளவெடுத்தேன். கடையில் எஸ், எம், எல் என்று பார்த்து வாங்கக் கூடாது. காலையில் எழுந்ததும், வீக்கம் இறங்கியிருக்கும்போது, கணுக்காலின் மெல்லிய இடத்தையும் கெண்டைக்காலின் பெருத்த இடத்தையும் அளந்து, டப்பாவில் இருக்கும் அளவுப் பட்டியலில் பார்க்க வேண்டும். டப்பாவில் 15–20 என்று போட்டிருந்தது, அது அழுத்தத்தின் அளவு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களும் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைப் போடவே கூடாது. ஷூவுக்குப் பதில் இழுத்துத் தளர்த்தும் பட்டை வைத்த செருப்பு வாங்கினோம்.

ஏறியதும் முன் சீட்டுப் பையில் இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்து மேலே வைத்தேன். ஒன்றரை இஞ்ச் அங்கேயே திரும்பக் கிடைத்தது. இவருடைய பை மேலே போயிற்று. என்னுடைய பை கீழே, என் பாதத்துக்கு அடியில் மணையாக. பணிப்பெண் ஒருவர் இவர் எழுந்திருக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வந்து, ஐல் பக்கக் கைப்பிடியின் அடியில், கீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரலை விட்டு எதையோ அழுத்தினார். கைப்பிடி மேலே எழும்பியது! இவர் காலை அப்படியே பக்கவாட்டில் திருப்பி எழுந்துவிட்டார். எல்லா விமானத்திலும் எல்லா வரிசையிலும் இது இருக்காது. ஆனால் விரலை விட்டுத் தடவிப் பார்க்க ஒரு நிமிடம்தான். விமானம் கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் மட்டும் அதைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை வரும் விமானத்தில் சாப்பாடு வந்த நேரத்தில் முன் சீட் சடாரென்று சாய்ந்தது. இந்த முறை நான் தயங்கவில்லை. எழுந்து பக்கவாட்டில் போய், "தம்பி, இவருக்கு முட்டி வலி. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கிறீங்களா? அப்புறம் தாராளமா சாய்ச்சுக்குங்க" என்றேன். "ஐயோ, சாரி ஆன்ட்டி, கவனிக்கல" என்று உடனே நிமிர்த்தினான். விளக்கு அணைத்த பிறகு அவனே திரும்பி, "அங்கிள், பாதி சாய்ச்சா பரவாயில்லையா?" என்று கேட்டான். மனசு நிறைந்துவிட்டது. இருபத்தைந்து வயது இருக்கும். வேலை முடிந்து ஊருக்கு வருகிற களைப்பு அவன் முகத்திலும் இருந்தது.

மணிக்கு ஒருமுறை என் கைக்கடிகாரத்தைப் பார்த்து இவரை எழுப்பிவிட்டேன். பின்னால் கழிவறை வரை ஒரு நடை, இரண்டு நிமிடம் நிற்பது, ஒரு டம்ளர் தண்ணீர். தூங்கும்போது மட்டும் விட்டேன், விழித்ததும் மறுபடி. உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு டாக்டர் படம் போட்ட காகிதம் ஒன்று கொடுத்திருந்தார். குதிகால், விரல், குதிகால், விரல். இவருக்கு அதைப் புரியவைக்க எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. "தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி மிதிங்க." கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போது ரத்தத்தை மேலே தள்ளுகிறது, அதுதான் விஷயம். நாற்பது வருடமாக நான் மிதிப்பதைப் பார்த்தவர் ஆயிற்றே. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் வைத்து, சரியாக அதே தாளத்தில் மிதித்தார். நானும் பையின் மேல் பாதத்தை வைத்து மிதித்தேன்.

சென்னையில் இறங்கி, காருக்குக் காத்திருந்த பெஞ்சிலேயே இவர் வேட்டியை முட்டி வரை தூக்கச் சொல்லி, டாக்டர் புள்ளி வைத்த அதே இடத்தில் இரண்டு காலையும் அளந்தேன். வலது பதினாலே கால், இடது பதினாலரை. காகிதத்தில் குறித்து, போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.